இன்ஸ்டா ரீல் பாத்து நர்சிங் காலேஜ் சேரலாமா? கேரளா பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

தையல்கடை_கொழிஞ்சாம்பாறை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பொண்ணு இந்த வருசம் பிளஸ் டூ முடிச்சிருக்கா, பயாலஜி குரூப், மார்க்கு பரவால்லைங்க, பி.எஸ்சி. நர்சிங் தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. எங்களுக்கும் சந்தோசம்தான். ஆனா ரிசல்ட் வந்த அன்னைக்கு ராத்திரி இன்ஸ்டால ஏதோ ஒரு ரீல் பாத்துட்டு அதுல வந்த ஃபார்ம்ல அவ நம்பரையும் என் நம்பரையும் போட்டு விட்டுட்டா, அதுல இருந்து போன் ஓயவே மாட்டேங்குது. காலைல கடை தொறக்கறதுக்குள்ளயே ஆரம்பிச்சர்றாங்க. ஒருத்தர் கோயமுத்தூருங்கறார், ஒரு பொண்ணு பெங்களூருங்குது, இன்னொருத்தர் திருப்பதி பக்கம்னு சொல்றார். ஃபார்ம் போட்டது ஒண்ணே ஒண்ணுதான், இத்தன பேருக்கு எப்படி நம்பர் போச்சுன்னே தெரியல.

அந்த ரீலை நானும் பாத்தேனுங்க. மேல இருந்து எடுத்த பெரிய கட்டடம், வெள்ளை கோட்டு போட்ட பொண்ணுங்க வராண்டால வரிசையா நடந்து வருதுங்க, கடைசில ஒரு பொண்ணு நூறு சதவீதம் வேலை கேரண்டி, ஜெர்மனி வரைக்கும் போலாம்னு சொல்லுது. கமென்ட் பூரா ஹார்ட்டு. காலேஜ் எந்த யுனிவர்சிட்டி, ஃபீஸ் எவ்ளோ, ஒண்ணுமில்ல.

நேத்து வாட்ஸப்ல வந்ததை அப்படியே போடறேன்: “ஹாய் மேம், உங்க டாட்டர் சீட் இன்னைக்கு ஈவ்னிங் 5 மணி வரைக்கும்தான் ஹோல்ட்ல இருக்கும். 10,000 ஜிபே பண்ணி ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க. ஒரிஜினல் சர்டிபிகேட் நம்ம பாலக்காடு ஆபீஸ்ல குடுத்துட்டா போதும், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.” வீட்டுக்காரர் பயந்துபோய் 2,000 அனுப்பிட்டார், சர்டிபிகேட் இன்னும் எங்க கைலதான் இருக்கு.

இதெல்லாம் நம்பலாமா, எப்படி விசாரிக்கறது? இன்னொண்ணு, காலேஜ்ல இன்ஸ்டா ப்ரொஃபைல் எல்லாம் பாத்துதான் சீட்டு குடுப்பாங்கன்னு யாரோ சொன்னாங்கன்னு பொண்ணு உக்காந்து போட்டோவெல்லாம் அழிச்சிட்டு இருக்கா, அது நெசமா?

வேலந்தாவளம்99:

அக்கா மொதல்ல அந்த நம்பரெல்லாம் பிளாக் பண்ணுங்க. இன்ஸ்டா ஃபேஸ்புக்ல வர்றது ஒண்ணு கூட உண்மை கிடையாது. நல்ல காலேஜ் எதுக்கு விளம்பரம் குடுக்கப் போகுது. ஊர்ல படிச்ச பெரியவங்க யாரையாச்சும் கேட்டு சேத்துங்க.

சூலூர்_தம்பி:

அக்கா, நான் கோயமுத்தூர் பக்கம் ஒரு காலேஜ் அட்மிஷன் ஆபீஸ்ல கொஞ்ச காலம் டெலிகாலரா இருந்தவன், இப்ப அந்த வேலைல இல்ல. உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

உங்க பொண்ணு போட்ட ஃபார்முக்கு அங்க பேர் லீட். பேரு, நம்பர், ஊரு, குரூப், மார்க்கு எல்லாம் ஒரு ஷீட்ல வந்து விழும், ஒவ்வொரு காலருக்கும் இத்தனைன்னு பிரிச்சுக் குடுத்துருவாங்க. போன் பண்ணி முடிச்சதும் பக்கத்துல ஒரு கட்டத்துல எழுதணும், இன்ட்ரஸ்டட், அப்பாகிட்ட பேசணும், ஞாயித்துக்கிழமை விசிட், ஸ்விட்ச் ஆஃப் இப்படி. இன்ட்ரஸ்டட்னு எழுதிட்டா அந்த நம்பருக்கு அட்மிஷன் முடியற வரைக்கும் கால் நிக்காது. காலேஜே நேரா விளம்பரம் போட்டா லீட் அவங்ககிட்டயே இருக்கும், ஆனா நடுவுல கன்சல்டன்சிக்காரங்க போட்ட விளம்பரம்னா அந்த லிஸ்டை நாலஞ்சு காலேஜுக்கு தூக்கிக் குடுப்பாங்க, உங்களுக்கு கோயமுத்தூரும் பெங்களூரும் திருப்பதியும் ஒரே ஃபார்ம்ல இருந்து வர்றது அதனாலதான். நீங்க பேசிட்டு இருக்கறது காலேஜ்கூட இல்ல, ஏஜென்ட்கூட. புள்ள சேந்து ஃபர்ஸ்ட் இயர் ஃபீஸ் கட்டினதும் காலேஜ் அவங்களுக்கு கமிஷன் குடுக்கும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை பாலக்காட்லயே வாங்கி வெச்சுக்க துடிக்கறது, நீங்க வேற எங்கயும் போயிரக்கூடாதுன்னுதான். தயவுசெஞ்சு குடுத்துராதீங்க. வெரிஃபிகேஷனுக்கு காட்டலாம், ஜெராக்ஸ் குடுக்கலாம், ஒரிஜினல் உங்க கையோட திரும்பி வரணும். காலேஜே ஒரிஜினலை பிடிச்சு வெச்சுக்கக்கூடாதுன்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ல தெளிவா சொல்லிருக்கு, ஏஜென்ட்டுக்கு அதைக் கேக்க என்ன உரிமை இருக்கு?

5 மணி ஹோல்டுங்கறது சும்மா. எங்களுக்கு குடுத்த பேப்பர்லயே அந்த வரி இருந்துச்சு. நீங்க இன்னொருத்தர்கிட்ட விசாரிக்கறதுக்கு நேரம் குடுக்கக்கூடாது, அவ்வளவுதான் அதோட வேலை.

ஏன் நம்ம பார்டர் பக்கமே இவ்வளவு விளம்பரம் வருதுன்னு நெறைய பேருக்கு தெரியாது. 18 வயசுக்குக் கீழ இருக்கற பசங்களுக்கு விளம்பரம் காட்டணும்னா வயசும் ஊரும் மட்டும்தான் செட் பண்ண முடியும், 2023ல இருந்து இன்ஸ்டா, ஃபேஸ்புக் நடத்தற மெட்டா கம்பெனியே அப்படி மாத்திருச்சு. அதனால ஊரைத்தான் நல்லா யோசிச்சு வட்டம் போடுவாங்க. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் ஒரு வட்டம், குமுளி வண்டிப்பெரியார் ஒரு வட்டம், அந்தப் பக்கம் நகரி புத்தூர் ஒரு வட்டம். காரணம் என்னன்னா இந்த ஊர் பசங்க ரெண்டு ஸ்டேட்டுக்கும் நடுவுல நிக்கறாங்க. தமிழ்நாட்டு கவர்மென்ட் கோட்டாவுக்கு போனா நேட்டிவிட்டி கேக்கறாங்க, கேரளா அலாட்மென்ட் நோட்டீஸ் மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும் வர்றதால தமிழ் மீடியம் வீடுகளுக்கு அது போய் சேர்றதே இல்ல. அப்ப மிச்சம் இருக்கறது மேனேஜ்மென்ட் சீட்டு. அதுக்குத்தான் இந்த வலை. தமிழும் மலையாளமும் சேத்துப் பேசற காலரா பாத்துதான் உங்க ஊர் லிஸ்டை குடுப்பாங்க, எனக்கும் அப்படித்தான் குடுத்தாங்க.

விசாரிக்க ரெண்டு விஷயம் சொல்றேன், பொண்ணை விட்டே பண்ணச் சொல்லுங்க. அந்த இன்ஸ்டா பேஜ்ல மேல மூணு புள்ளி இருக்கும், அதைத் தொட்டா இந்த அக்கவுன்ட் பத்தின விவரம்னு வரும், எந்த மாசம் எந்த வருசம் ஆரம்பிச்சது, முன்னாடி வேற பேர்ல இருந்துச்சான்னு காட்டும். காலேஜ் ஆரம்பிச்சு பல வருசம்னு சொல்லிட்டு பேஜ் போன மாசம் தொறந்ததா இருந்தா, இல்ல முன்னாடி வேற ஏதோ பேர்ல இருந்திருந்தா, அது காலேஜ் பேஜே இல்ல. ரெண்டாவது மெட்டா ஆட் லைப்ரரினு கூகிள்ல தேடுங்க, லாகின் கூட வேண்டாம், அந்தப் பேஜ் பேரைப் போட்டா இப்ப ஓடிட்டு இருக்கற அத்தனை விளம்பரமும், என்னைக்கு ஆரம்பிச்சதுன்னு தேதியோட வரும். ஒரே வீடியோவை வேற வேற ஊர் காலேஜ் பேரைப் போட்டு ஓட்டிட்டு இருந்தா அங்கயே மாட்டிக்கும்.

மீனாட்சிபுரம்_நர்ஸ்:

அக்கா நான் பெங்களூர்ல பி.எஸ்சி. நர்சிங் மூணாவது வருசம். நானும் ரீல் பாத்துதான் இங்க வந்தேன், காலேஜ் பேர் சொல்லல. படிப்பு மோசமில்ல, யுனிவர்சிட்டி அஃபிலியேஷன் (பல்கலையோட இணைப்பு) எல்லாம் கரெக்டா இருக்கு. ஆனா ரீல்ல காட்டின ஆஸ்பத்திரி எங்க காலேஜ் ஆஸ்பத்திரி இல்ல, அது க்ளினிக்கல் போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரி பயிற்சிக்குப் போற எத்தனையோ எடத்துல ஒண்ணு. காலைல 6 மணிக்கு பஸ் ஏறணும், டிராஃபிக்ல நின்னுக்கிட்டே போய் அங்க வார்டுல நாங்க நிக்கறதுக்கே எடம் இருக்காது, ஏன்னா வேற மூணு காலேஜ் புள்ளைங்களும் அதே வார்டுக்கு வந்திருக்கும். ஒரு பேஷன்ட்டுக்கு பிபி பாக்க நாலு பேர் கைய நீட்டுவோம். நர்சிங்ல இதுதான் படிப்பே, கிளாஸ்ரூம் ஏசியா இருந்து என்ன பண்றது. அதனால உங்க பொண்ணு கேக்க வேண்டிய மொதக் கேள்வி பிளேஸ்மென்ட் இல்ல, சொந்த ஆஸ்பத்திரி இருக்கா, எத்தனை பெட், அங்க தினமும் பேஷன்ட் வர்றாங்களான்னு. பி.எஸ்சி. நர்சிங் காலேஜுக்கு 100 பெட் இருக்கற பேரன்ட் ஆஸ்பத்திரி, அதாவது சொந்த ஆஸ்பத்திரி வேணும்னு இந்தியன் நர்சிங் கவுன்சில் ரூல் இருக்கு.

அப்புறம் காலேஜோட பேஜைப் பாக்காதீங்க, அந்தக் காலேஜை டேக் பண்ணி பசங்க போட்ட போட்டோவைப் பாருங்க. பேஜ்ல டேக் ஆன படம்னு தனியா ஒரு பக்கம் இருக்கும். அங்க மெஸ் சாப்பாடு, ஹாஸ்டல் ரூம், தண்ணி வராத பாத்ரூம் எல்லாம் இருக்கும், யாரும் எடிட் பண்ணி போட்டிருக்க மாட்டாங்க. டேக் பக்கமே தெரியலைன்னா டேக் பண்றதையே ஆஃப் பண்ணி வெச்சிருக்கலாம், அப்ப நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். அதுல ரெண்டு சீனியர் அக்காங்களுக்கு மெசேஜ் போட்டு ஒரே கேள்வி கேக்கச் சொல்லுங்க, உங்க தங்கச்சியை இங்க சேப்பீங்களான்னு. என்கிட்டயும் நெறைய பேர் கேக்கறாங்க, தெரிஞ்சதை மறைக்காம சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

ரீல்ல பேசற பொண்ணு காசு வாங்கிட்டோ ஃபீஸ்ல ஏதாச்சும் கழிச்சுக்கிட்டோ பேசினா அது விளம்பரம்னு தெரியற மாதிரி எழுதணும்னு ரூல் இருக்கு, விளம்பர கவுன்சில் 2021லயே கொண்டு வந்தது, 2023ல சென்ட்ரல் கவர்மென்ட்டும் இன்ஃப்ளூயன்சருக்கு வழிமுறை போட்டாங்க. காலேஜ் ரீல்ல இத எழுதி நான் பாத்தது ரொம்பக் கம்மி.

போட்டோ அழிக்கறது பத்தி: பொண்ணை நிம்மதியா இருக்கச் சொல்லுங்க. நம்ம ஊர் நர்சிங் சீட்டு மார்க்கையும் ரேங்க்கையும் வெச்சுத்தான், யாரும் இன்ஸ்டா பாக்கறதில்ல. அது அமெரிக்கா பக்கம் நடக்கற கதை, ஹார்வர்ட்ல 2017ல ஃபேஸ்புக் குரூப்ல மோசமான மீம் போட்ட பசங்க பத்துப் பேருக்காச்சும் குடுத்த சீட்டையே திருப்பி எடுத்தாங்க. இங்க அப்படி இல்ல. ஆனா அக்கவுன்ட்டை பிரைவேட்ல போடறது நல்லதுதான், அட்மிஷனுக்காக இல்ல, இந்த ஏஜென்ட்டுங்க டிஎம்ல வந்து நிக்காம இருக்கறதுக்காக.

சித்தூர்_மாஷ்:

வேலந்தாவளம் தம்பி சொன்னதுல எனக்கு ஒப்புதல் இல்ல. எல்லாமே பொய்னு மூடி வெச்சுட்டா நம்ம பக்கத்து புள்ளைங்களுக்குத்தான் நஷ்டம். நான் இந்தப் பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல வாத்தியாரா இருக்கேன், எங்க டிபார்ட்மென்ட் இன்ஸ்டா பேஜை பசங்களோட சேந்து நான்தான் பாத்துக்கறேன். நாங்க ட்ரோன் எல்லாம் விடறதில்ல. ஒரு மாணவி லேப்ல நின்னு இந்த வருசம் என்ன ப்ராக்டிக்கல்னு சொல்லுவா, இன்னொருத்தன் வேலந்தாவளத்துல இருந்து காலைல எந்த பஸ் புடிச்சா முதல் பீரியடுக்கு வந்து சேரலாம்னு சொல்லுவான். அப்ளிகேஷன் சமயத்துல தமிழ்லயே நேரலை போட்டு கேப் ஐடி (பல்கலை அட்மிஷன் பதிவு நம்பர்) எப்படி எடுக்கறது, ஆப்ஷன் எப்படி குடுக்கறதுன்னு காட்டுவோம். அதுல வர்ற கேள்வியப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். சித்தூர் கவர்மென்ட் காலேஜ்ல தமிழ் டிபார்ட்மென்ட் இருக்குங்கறதே ஒழலப்பதி, எருத்தேம்பதி பக்கத்து சில வீடுகளுக்கு அந்த மாதிரி வீடியோ பாத்துத்தான் தெரியுது. பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டு பண்ணாததை ஒரு நிமிச வீடியோ பண்ணுது, அத வேண்டாம்னு எப்படி சொல்றது?

ஆனா பேஜை நடத்தறவன்ங்கற முறைல ஒண்ணு சொல்றேன். சோஷியல் மீடியா ஒரு காலேஜ் இருக்குங்கறதை சொல்லும், அந்தக் காலேஜ் சரியானதாங்கறதை சொல்லாது. அதுக்கு அந்தக் காலேஜால கை வெச்சு மாத்த முடியாத எடத்துலதான் பாக்கணும். தங்கச்சி உங்களுக்கு நர்சிங்னா அந்த எடம் இவ்வளவுதான்: எந்த யுனிவர்சிட்டி அஃபிலியேஷன்னு கேளுங்க, தமிழ்நாடுன்னா டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலை, கர்நாடகான்னா ராஜீவ் காந்தி பல்கலை, ஆந்திரான்னா என்.டி.ஆர். பல்கலை, அந்தந்தப் பல்கலை சைட்ல காலேஜ் லிஸ்ட் இருக்கும், பேர் எழுத்து எழுத்தா ஒத்துப்போகணும். அப்புறம் அந்த மாநில நர்சிங் கவுன்சில். வெளி மாநிலத்துல படிச்சுட்டு வந்தா அங்க ரிஜிஸ்டர் பண்ணிட்டு கேரளா நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலுக்கு மாத்தணும், அஃபிலியேஷன்ல ஓட்டை இருந்தா நாலு வருசப் படிப்பும் அந்தக் கவுன்டர்ல போய்த்தான் நிக்கும். இன்னொரு தந்திரமும் இருக்கு, ரீல்ல நர்சிங்னு மட்டும் போட்டுட்டு சேத்தறது நர்சிங் அசிஸ்டென்ட் டிப்ளமோவா இருக்கும், அத வெச்சு ரிஜிஸ்டர்ட் நர்ஸ் ஆகவே முடியாது. பி.எஸ்சி. நர்சிங், இல்லைன்னா ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ), இந்தப் பேர் ரசீதுல இருக்கணும்.

இதெல்லாத்துக்கும் முன்னாடி, கேரளால எல்.பி.எஸ். சென்டர்ங்கற அரசு நிறுவனம் மூலமா பி.எஸ்சி. நர்சிங் அலாட்மென்ட் நடக்குது, அதுக்கு விண்ணப்பம் போட்டாச்சா? அரசு காலேஜ் சீட்டும், பிரைவேட் காலேஜ்கள்ல இருக்கற மெரிட் சீட்டும் அதுலதான் வருது. தனி என்ட்ரன்ஸ் கிடையாது, பிளஸ் டூ பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மார்க்குதான். கொழிஞ்சாம்பாறைல பொறந்து வளந்த புள்ளை, வீட்ல தமிழ் பேசினா என்ன, கேரள மாணவிதானே, முழு உரிமை இருக்கு. நான் பாத்த வரைக்கும் நம்ம தமிழ் வீடுகள்ல பாதிப் பேர் இதைப் போடாமலே கோயமுத்தூருக்கு மேனேஜ்மென்ட் சீட்டு தேடிப் போறாங்க. எனக்கு இதுதான் ரொம்ப ஆத்தாமையா இருக்கு.

வேலந்தாவளம்99:

மாஷ் நீங்க சொல்றது சரிதான், நான் கோவத்துல எழுதிட்டேன். என் தம்பிக்கு இன்ஜினியரிங் பாக்கறோம், அதுக்கும் இதே மாதிரி பாக்க எடம் இருக்கா?

சூலூர்_தம்பி:

இருக்குங்க. இன்ஜினியரிங்னா ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சில்) அப்ரூவல் லிஸ்ட் ஒண்ணு. தமிழ்நாட்டு காலேஜ்னா அண்ணா யுனிவர்சிட்டி செமஸ்டருக்கு செமஸ்டர் காலேஜ் வாரியா பாஸ் பர்சன்ட்டேஜ் போடறாங்க, அத எடுத்துப் பாருங்க. காலேஜ் என்ஐஆர்எஃப்ல (சென்ட்ரல் கவர்மென்ட் போடற காலேஜ் ரேங்க்கிங்) கலந்துக்கிட்டிருந்தா அதுக்கு குடுத்த பிடிஎஃப்பை அவங்க சைட்லயே போட்டிருக்கணும், அதுல எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்ளோன்னு வருச வாரியா இருக்கும். போஸ்டர்ல போடற பெரிய பேக்கேஜ் யாரோ ஒருத்தருக்கு வந்தது, மீடியன்தான் நடுவுல நிக்கற பையனுக்கு வர்றது. லிங்க்ட்இன்ல காலேஜ் பேஜ்ல அலும்னின்னு ஒரு பகுதி இருக்கு, முன்னாடி படிச்சவங்க எந்தக் கம்பெனில எந்த ஊர்ல இருக்காங்கன்னு அதுவே பிரிச்சுக் காட்டும். கேரளால இன்ஜினியரிங் என்ட்ரன்ஸான கீம் எழுதி ரேங்க் வந்திருந்தா மொதல்ல பாலக்காடு என்எஸ்எஸ், ஸ்ரீகிருஷ்ணபுரம் கவர்மென்ட் காலேஜ் ஆப்ஷன் குடுத்துட்டு அப்புறம் கோயமுத்தூரைப் பத்தி யோசிங்க, ஃபீஸ் வித்தியாசம் அப்படி.

தையல்கடை_கொழிஞ்சாம்பாறை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி பொண்ணும் நானும் உக்காந்து தம்பி சொன்ன மாதிரி பாத்தோம். அந்தப் பேஜ் ஆரம்பிச்சே இன்னும் ஒரு வருசம் கூட ஆகல, முன்னாடி ஏதோ வெளிநாடு போற விசா பேர்ல இருந்திருக்கு. ஆட் லைப்ரரில அதே பொண்ணுங்க நடந்து வர்ற வீடியோ, ரெண்டு வேற வேற ஊர் காலேஜ் பேர் போட்டு ஓடுது. பொண்ணு அப்படியே அமைதியாயிட்டா, அவளுக்குத்தான் ரொம்ப வருத்தம், அந்த ரீலை சேவ் பண்ணி வெச்சு தெனமும் பாத்துட்டு இருந்தா. எல்.பி.எஸ். பத்தி எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலைங்க மாஷ், நாளைக்கே அக்ஷயா இ-சேவை சென்டருக்குப் போறோம். அந்த 2,000 திரும்பக் கெடைக்குமா? அக்ஷயாவுக்கு என்னென்ன பேப்பர் கொண்டு போகணும்?

சூலூர்_தம்பி:

அக்கா ஜிபே யார் பேருக்குப் போச்சுன்னு பாருங்க. காலேஜ் அக்கவுன்ட்டா இருந்தா யுஜிசி ரீஃபண்ட் ரூல் இருக்கு, அட்மிஷன் கடைசி தேதிக்கு 15 நாள் முன்னாடி வரைக்கும் வேண்டாம்னு சொன்னா ஃபீஸ் முழுசும், அதுல பிராசசிங்னு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 தான் கழிக்கலாம். அதுக்கப்புறம் கடைசி தேதி வரைக்கும் 90, தேதி முடிஞ்சு 15 நாளுக்குள்ள 80, 30 நாளுக்குள்ள 50, அதுக்கு மேல ஒண்ணுமில்ல. ஆனா தனி ஆள் பேருக்குப் போயிருந்தா அந்த ரூல் அவன்கிட்ட செல்லாது. வாட்ஸப்ல எழுத்துல கேளுங்க, போன்ல பேசாதீங்க, அட்மிஷன் வேண்டாம், பணத்தைத் திருப்பி அனுப்புங்கன்னு. அந்த 5 மணி மெசேஜ், ஜிபே ரசீது, ஆட் லைப்ரரில பாத்தது எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு 1915க்கு போன் பண்ணுங்க, நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம். ஆளே காணாமப் போயிட்டான்னா 1930, சைபர் கிரைம். போன் தொல்லைக்கு 1909ல டிஎன்டி (விளம்பர கால் வேண்டாம்னு பதியறது) போடுங்க, ஆனா பர்சனல் நம்பர்ல இருந்து கூப்பிடறவங்க நிக்க மாட்டாங்க, அவங்களை ஒவ்வொண்ணா பிளாக் பண்ணத்தான் வேணும்.

மீனாட்சிபுரம்_நர்ஸ்:

பொண்ணை எனக்கு மெசேஜ் பண்ணச் சொல்லுங்கக்கா, நர்சிங் பத்தி என்ன கேட்டாலும் சொல்றேன். ஆசைப்பட்டது தப்பில்லைன்னு சொல்லுங்க, நல்ல படிப்பு இது.

சித்தூர்_மாஷ்:

எஸ்எஸ்எல்சி புக்கு, பிளஸ் டூ மார்க்லிஸ்ட், ஆதார், போட்டோ, நேட்டிவிட்டி, வருமான சர்டிபிகேட், ரிசர்வேஷன் இருந்தா ஜாதி சர்டிபிகேட், ஓபிசின்னா நான்-க்ரீமி லேயர் (வசதி வரம்புக்குக் கீழ இருக்கோம்னு காட்டற சர்டிபிகேட்). ஒரிஜினல் எல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு அங்கயே திருப்பி வாங்கிக்கோங்க. பொண்ணு நம்பரையும் மெயிலையும் அவளோடதையே குடுங்க, சென்டர்காரங்களோடது குடுத்தா அப்புறம் ஓடிபி அவங்களுக்குத்தான் போகும். நான்-க்ரீமி லேயர் வில்லேஜ் ஆபீஸ் போய் வர்றதுக்கு நாள் ஆகும், அதனால நாளைக்கு மொதல்ல அந்த விண்ணப்பத்தைப் போட்டுட்டு அப்புறம் எல்.பி.எஸ். ஃபார்முக்கு உக்காருங்க.